கஸ்தூரி மஞ்சள் தீர்ந்த வாரம்

ஜனவரி 4, சனி

மார்கழிப் பனியில் தோல் வறண்டுபோவது எல்லோருக்கும் உள்ளதுதான். இவருக்கு அது பனியால் மட்டும் வந்ததில்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சாம்பல் பூசிய மாதிரி செதில். குதிகால் கோடையில் கிடக்கும் கண்மாய் போல வெடித்திருக்கிறது. காலையில் அவருடைய கருநீலப் போர்வையை மாடியில் உதறினேன். வெயிலில் வெள்ளை வெள்ளையாகப் பறந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் மஸ்கட்டில் வெல்டர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் வந்து போவார். போன ஐப்பசியில்தான் ஒரேயடியாக ஊருக்கு வந்தார். நான் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அரசுப் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக ஓய்வு பெற்றிருந்தேன். இருவரும் ஒரே வருஷத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம் என்று சொல்லலாம்.

அவர் இன்னும் மஸ்கட்டில் கம்பெனி கேம்ப் அறையில் இருப்பது போலவே இருக்கிறார். குளித்ததும் சோப்பை டப்பாவில் வைத்து, தண்ணீர் வடித்து, துண்டோடு தன் அறைக்கு எடுத்துப் போய்விடுகிறார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவிக் கவிழ்க்கிறார். நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, என் தூக்கம் கெடக்கூடாது என்று முன்னறையில் தனியாகக் கட்டில் போட்டுக்கொண்டார். நல்ல யோசனைதான்.

கோயம்புத்தூரிலிருந்து மகள் யாழினி ஒரு ஸ்க்ரப் அனுப்பியிருந்தாள். அதன் வாசனைக்கே இவர் தும்முகிறார். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். எனக்கும் பொழுது போகும்.

ஜனவரி 5, ஞாயிறு

பச்சைப்பயறு ஒரு படி, ஆவாரம்பூ, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள் வாங்கி வந்தேன். வீட்டில் தின்ற கமலா ஆரஞ்சுத் தோலைச் சிறிதாகக் கிள்ளி மாடியில் காயப்போட்டேன். ரோஜா இதழை மட்டும் நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நிறமும் போய்விடும், மணமும் போய்விடும்.

கஸ்தூரி மஞ்சள் விலை கூடத்தான். நாட்டு மருந்துக் கடைக்காரர், "சமையல் மஞ்சளே போதுமே டீச்சர்" என்றார். போதாது. சமையல் மஞ்சள் தோலில் ஒட்டினால் நாலு நாளைக்குப் போகாது. கஸ்தூரி மஞ்சள் அப்படிக் கறை வைக்காது. கடையிலேயே அவருக்கு இதை விளக்கினேன். வரிசையில் நின்றவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

மாலையில் மெகராஜ் டீச்சர் வந்தாள். என்னோடு தையல் ஆசிரியையாக இருந்தவள், அடுத்த தெருவில் வீடு. மாடியில் துணி விரித்துக் காயப்போட்டிருந்ததையும் நிழலில் கிடந்த ரோஜா இதழையும் பார்த்துவிட்டு, "என்னடி திலகா, யாருக்குக் கல்யாணம்?" என்றாள்.

"அவருக்குக் கை காலெல்லாம் செதிலா இருக்கு."

"கை காலுக்கு ரோஜாப்பூ எதுக்குடி?"

"வாசனைக்கு."

"ம். வாசனைக்கு" என்றாள். தேவையில்லாமல் சிரித்தாள்.

ஜனவரி 8, புதன்

மேகமூட்டம். ஆரஞ்சுத் தோல் காயவில்லை. இவர் வாசல் கிரில்லுக்கு வெல்டிங் விட்டுப்போன இடத்தைப் பார்த்தபடியே அரை மணி நேரம் நின்றார்.

ஜனவரி 9, வியாழன்

காலையில் திருச்சியிலிருந்து ஏஜென்ட் பேசினார். பழைய ஃபோர்மேன் இவரைப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாராம். புது ஆட்களுக்கு வேலை பழக்க ஒரு மூத்த கை வேண்டும், இரண்டு வருஷ ஒப்பந்தம். வயது கூடுதலானாலும் கம்பெனி பேசிச் சரிசெய்துகொள்ளும்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கூப்புடுறாங்க டீச்சர்" என்றார். ஊரே என்னை டீச்சர் என்று கூப்பிடுவதால் இவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

"இங்க சும்மாதானே ஒக்காந்திருக்கேன்."

"ஆமா."

"போயிட்டு வந்தாலும் ரெண்டு வருஷம்தான்."

"ஆமா."

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். கீரையில் மண் அதிகம். நாலு தண்ணீரில் அலச வேண்டியிருந்தது.

ஜனவரி 11, சனி

ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் சடக்கென்று ஒடிகிறது. காய்ந்ததற்கு அதுதான் அடையாளம். மாவு மில்லில் மிளகாய் அரைத்த கல்லில் போட்டுவிடுவார்கள் என்று மிக்சியிலேயே அரைத்தேன். விட்டு விட்டு ஓட்ட வேண்டும், சூடேறினால் மணம் போய்விடும். சலித்ததில் மேலே நின்றது குருணை, அது குதிகாலுக்கும் முழங்கைக்கும். கீழே விழுந்ததை மறுபடி மெல்லிய வேட்டித் துணியில் சலித்தேன். அது முகத்துக்கு. முகத்துக்குக் குருணை ஆகாது, கண்ணுக்குத் தெரியாமல் கீறிவிடும்.

இதுவரை யாரும் பூசாத பொடி. அதனால் முதலில் என் மணிக்கட்டில் பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க நினைத்தேன். அவரோ கையை நீட்டி, "என் தோல்ல போடு, இது எதையும் தாங்கும்" என்றார்.

வறண்ட தோலுக்குத் தயிரில்தான் குழைக்க வேண்டும். தயிரின் புளிப்பு செத்த தோலை இளக்கிக் கொடுக்கும், குருணை அதைத் தள்ளிக்கொண்டு போகும். எட்டாம் வகுப்பில் இதை நடத்தும்போது பஸ் ஸ்டாண்டு சுவரை உதாரணம் சொல்வேன். போஸ்டர் மேல் போஸ்டராக ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் சுவர் நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு மெதுவாக இழுத்தால் போஸ்டர் வரும். காய்ந்ததைச் சுரண்டினால் காரையும் சேர்ந்து வரும். இதை அவரிடமும் சொன்னேன்.

"எந்தப் போஸ்டர்ல என் மூஞ்சி இருக்கு?" என்றார்.

இரண்டு கைகளுக்கும் வட்டமாகத் தேய்த்து, வெந்நீரில் கழுவிவிட்டேன். மணிக்கட்டுக்குக் கீழே தோல் வேறு நிறமாக வந்தது. முதல் விடுப்பில் வந்தபோது இருந்த நிறம் என்று நினைக்கிறேன். தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முதுகுக்கும் போட்டுவிடறேன், பனியனைக் கழட்டுங்க" என்றேன்.

"முதுகு நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்துவிட்டார்.

வந்ததிலிருந்தே பார்க்கிறேன். பனியனைக் கழற்றுவதே இல்லை. குளியலறையிலிருந்தும் போட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறார். இத்தனை வருஷம் தனியாக இருந்தவருக்குக் கூச்சம் இருக்கத்தானே செய்யும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். யாழினியும் மாப்பிள்ளையும் நேற்றே வந்துவிட்டார்கள். புதுக்கோட்டையில் இந்த முறை கரும்பு நல்ல கரும்பு.

தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் தட்டோடு வந்தார்கள். இவர்தான் கதவைத் திறந்தார். "டீச்சர் வீட்டுக்காரரா? டீச்சர் இருக்காங்களா?" என்றார்கள். இவர் "இருக்காங்க" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். இந்த வீட்டின் ஒவ்வொரு ஜன்னல் கம்பிக்கும் அவர்தான் படம் வரைந்து அனுப்பினார். கட்டி முடித்தபோது நான்தான் இருந்தேன்.

சாப்பிடும்போது யாழினி, "அப்பா மறுபடி போறாராமே, நீ ஒண்ணும் சொல்லலையாம்மா?" என்றாள்.

"அவருக்கு அங்கதான் பழக்கம். மனசுக்குப் புடிச்ச வேலை" என்றேன்.

"ஒனக்கு?"

"எனக்கென்ன, நான் இருந்து பழகினவதானே."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் பொங்கலில் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு அவளுக்கும் ஒரு டப்பாவில் பொடி போட்டுக் கொடுத்தேன். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 17, வெள்ளி

பொடி தீர்ந்துவிட்டது. யாழினிக்குக் கொடுத்ததிலேயே பாதி போயிற்று. திங்கட்கிழமை இவருக்குத் திருச்சியில் மெடிக்கல். நல்ல முகமாகப் போக வேண்டும் என்று நினைத்துக் கொஞ்சம் புதிதாக அரைத்தேன். கஸ்தூரி மஞ்சள் இல்லை. பண்டிகைக்கு மூடிய நாட்டு மருந்துக் கடை இன்னும் திறக்கவில்லை. அஞ்சறைப்பெட்டியில் இருந்ததைப் போட்டுவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

காலையில் முகம், கழுத்து, கை எல்லாவற்றுக்கும் நன்றாகவே தேய்த்தேன். "கொஞ்சம் ஊறட்டும்" என்றேன், அவர் ஊறவிட்டார். அவசரமாகக் கழுவிவிட்டு ஆறேகால் பஸ்ஸுக்கு ஓடினார். அப்போது இன்னும் சரியாக விடியவில்லை.

மாலை திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"என்ன ஆச்சு?"

"மஞ்சக்காமாலையாம்."

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த நர்சம்மா என்னப் பாத்ததும் எழுந்திரிச்சிட்டாங்க. டாக்டரு கண்ணு ரப்பையை இழுத்துப் பாத்தாரு, நாக்கை நீட்டச் சொன்னாரு. கண்ணு வெள்ளையா இருக்கு, மூஞ்சி மஞ்சளா இருக்கு, ஒண்ணும் புரியல அவருக்கு. பக்கத்துல ஒக்காந்திருந்த பய எழுந்து தள்ளி ஒக்காந்துட்டான். ரத்தம் எடுத்துட்டு வெள்ளிக்கிழம வரச் சொல்லிட்டாங்க."

அப்போதுதான் அவரை வெளிச்சத்தில் பார்த்தேன். சட்டைக் காலர் வரை பூசணிப் பூ நிறத்தில் இருந்தார்.

"ஐயோ, சமையல் மஞ்சள்" என்றேன். "மறந்தே போச்சுங்க."

"மறந்துருச்சா?"

"ஆமா."

"சயின்ஸ் டீச்சருக்கு."

"வயசாகுதில்ல."

என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் படியில் உட்கார்ந்து சிரித்தார். அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பது எனக்கு இன்றுதான் தெரியும். எந்த வருஷம் விழுந்ததோ. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெகராஜ் டீச்சர் அந்த வழியாகப் போனவள் நின்று, "மாப்பிளைக்கு நலங்கா?" என்றாள்.

இந்த வயதில் மறதி இயல்புதான். இதில் எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 22, புதன்

தேங்காயெண்ணெய் தொட்டு மஞ்சளைத் துடைத்து எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. காது மடலுக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

ரத்தத்தில் ஒன்றும் இல்லை. மெடிக்கலில் பாஸ். பாஸ்போர்ட் ஏஜென்ட்டிடம் இருக்கிறது, பிப்ரவரி இரண்டாம் தேதி டிக்கெட் போட்டாயிற்று என்றார். "நல்லது" என்றேன். அவருக்கு வேட்டியைவிட லுங்கிதான் அங்கே வசதி, நாலு லுங்கி துவைத்துப் போட்டேன்.

நாட்டு மருந்துக் கடையும் திறந்துவிட்டது. கஸ்தூரி மஞ்சள் வேண்டுமா என்று கடைக்காரரே கேட்டார். கொஞ்சம் வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 25, சனி

விரிவாக எழுத வேண்டும்.

போவதற்கு முன் ஒரு சனிக்கிழமையாவது எண்ணெய் தேய்த்துக் குளிக்கட்டும் என்று வெந்நீர் போட்டேன். கேம்ப்பில் வெள்ளிதான் லீவாம், அதனால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்பதே அவருக்கு விட்டுப்போயிருந்தது. பின்கட்டில் பலகையைப் போட்டு உட்காரச் சொன்னேன். வந்து உட்கார்ந்தார். தலைக்கு எண்ணெய் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, நான் ஒன்றும் கேட்காமலே, பனியனைத் தலைக்கு மேலே இழுத்துக் கழற்றினார்.

இடது தோளிலிருந்து விலா வரைக்கும் தழும்பு இருந்தது. தோல் சுருங்கி, இழுத்துத் தைத்த மாதிரி பளபளப்பாக.

கையில் எண்ணெயோடு நின்றேன்.

"எப்பங்க?"

"யாழினி பத்தாவது எழுதுனப்ப."

அந்த வருஷம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பரீட்சை மாதத்தில் இவரிடமிருந்து போனே இல்லை. பாலைவனத்துக்குள் ஏதோ சைட்டில் போட்டுவிட்டார்கள், டவர் கிடையாது என்று பிறகு சொன்னார். அந்தக் கோபத்தில் அவர் முதலில் கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை. பிறகு விடுப்பில் வந்தபோதும் பனியனோடுதான் இருந்தாரா? இருந்திருப்பார். விளக்கை அணைக்கச் சொல்வார். நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

"மேல வெல்டு பண்ணிட்டிருந்தோம். தீப்பொறி கவரால் டிரெஸ்ஸுக்குள்ள போயிருச்சு. கழட்டுறதுக்குள்ள புடிச்சிருச்சு. ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரிதான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? ஸ்கூல விட்டுட்டு ஓடியா வரமுடியும்? நீ இங்க அழுவ, நான் அங்க அழுவேன். போன்காரனுக்குத்தான் லாபம்."

"வலிச்சுதா?"

"ராத்திரில அரிக்கும். கை எட்டாது. ரூம்ல மலையாளத்துப் பையன் ஒருத்தன் இருந்தான், அவன் ஈரத்துணி வச்சு ஒத்துவான்."

அந்தப் பையனுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டே பொடியை எடுத்தேன். தழும்பின் மேல் குருணை படக்கூடாது. அது புதிதாக வந்த தோல், எத்தனை வருஷமானாலும் மெல்லியதுதான். அதனால் சுற்றிலும் மட்டும் தேய்த்தேன். தழும்பின் மேல் சலித்த மாவைப் பால் ஏட்டில் குழைத்து, தேய்க்காமல், உள்ளங்கையால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். தோள் முதலில் இறுகி இருந்தது, அப்புறம் இறங்கியது.

வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒருநாளும் என் குரல் தடுக்கியதில்லை. இன்று தடுக்கியது.

"போகாதீங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. நான் முதுகைப் பார்த்துக்கொண்டே மறுபடி சொன்னேன். "போக வேணாம். எனக்கு நீங்க இங்க இருக்கணும்."

அடுத்த வீட்டு மோட்டார் ஓடி நின்றது.

"இத ஒரு தடவையாவது சொல்லிருக்கலாம்ல?"

"எப்ப?"

"எப்பன்னாலும். ஒவ்வொரு தடவையும் ஏர்போர்ட்டு வாசல்ல நின்னு பாப்பேன். நீ 'போயிட்டு வாங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு'ம்ப. சரி, நம்ம இல்லாமலே இவளுக்கு எல்லாம் நடக்குது போலன்னு உள்ள போயிருவேன்."

"நான் தடுத்து நீங்க மனசு கஷ்டப்பட்டுப் போகக் கூடாதுன்னு நெனச்சேன்."

"கஷ்டப்பட்டுத்தானே போனேன்."

கையில் மாவு காய ஆரம்பித்திருந்தது.

"தண்ணி ஆறுது, ஊத்து" என்றார்.

ஊற்றினேன். போவதாகவும் சொல்லவில்லை, இருப்பதாகவும் சொல்லவில்லை. மத்தியானம் நன்றாகத் தூங்கினார். எண்ணெய்க் குளியல் அன்று தூங்கக்கூடாது என்று எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

காலையில் மாடிக்குப் போய் ஃபோர்மேனோடு இந்தியில் நெடுநேரம் பேசினார். கீழே எனக்குக் கேட்டது, புரியவில்லை. ஒருமுறை சிரித்தார். ஒருமுறை பேச்சே இல்லை. இறங்கி வந்து, "நாளைக்குத் திருச்சிக்குப் போயி பாஸ்போர்ட்டு வாங்கணும்" என்றார்.

"சரி."

"நீயும் வர்றியா?"

எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்கவில்லை. பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும்தான் வேண்டும். என்ன புடவை கட்டுவது என்று பார்த்தேன். பச்சைக்கு ஜாக்கெட் இறுக்கமாகிவிட்டது.

ஜனவரி 27, திங்கள்

ஏஜென்ட் அலுவலகம் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருக்கிறது. குறுகலான படி. இத்தனை வருஷத்தில் நான் அங்கே போனதில்லை. பெஞ்சில் இளம்பிள்ளைகள் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எழுந்து எனக்கு இடம் விட்டான். இவர் மேசைக்கு முன்னால் நின்றார். அங்கே கண்ணாடி போட்ட ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, டிக்கெட்டுக்கா? மெயில்ல வந்துருச்சு, பிரிண்ட் போடுறேன்."

"இல்ல. பாஸ்போர்ட்ட வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன். நான் போகல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னண்ணே இப்ப வந்து சொல்றீங்க. ஒடம்புக்கு ஏதுமா? அன்னைக்கு வேற மஞ்சளா வந்தீங்கன்னாங்க."

"ஒடம்பெல்லாம் நல்லாருக்கு."

"சம்பளம் பத்தலையா? பேசிப் பாப்போம்ணே."

"அதெல்லாம் இல்லப்பா."

"பின்ன என்னதாண்ணே?"

இவர் சட்டைக் கையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். "வீட்ல வேணாங்கறாங்க" என்றார்.

ஸ்டாஃப் ரூமில், பேங்கில், பஸ்ஸில் எத்தனையோ ஆண்கள் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சலித்துக்கொண்டு சொல்வார்கள், பாதி பேர் பொய்யாகவும் சொல்வார்கள். இவர் சலித்துக்கொள்ளவில்லை. மேசைக்காரர் எட்டி என்னைப் பார்த்தார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். அதற்குமேல் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தக் காரணத்துக்கு மேல் யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது. இழுப்பறையில் பாஸ்போர்ட்டைத் தேடிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கி முதலாளியிடம் பேசினார்.

"அண்ணே, அந்தப் புதுக்கோட்டை வெல்டரு வரலயாம். ஆமாண்ணே... வீட்ல வேணாங்கறாங்களாம்."

இரண்டாவது தடவையும் கேட்டேன்.